கீல் குறிப்புகள் - 31: இருபது கிலோ

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். இப்பத்தான் ஜெர்மனிக்குப் படிக்க வந்திருக்கான். "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பைக் பாத்து வச்சிருக்கேன். விலை படியுது. வாங்கலாமா? நீங்க ஓட்டினீங்களாமே?"

ஓட்டினீங்களாமே! அந்த 'ஆமே'வுக்குள்ள என்னென்ன கேள்விப்பட்டிருக்கானோ. ரெண்டு வரியில பதில் போடலாம்னு உக்காந்தேன், முடியல. சரி, இந்த வாரக் குறிப்பாவே எழுதிடலாம்னு தோணிச்சு.

இந்தப் பக்கம் வழக்கமா வர்றவங்களுக்கு நான் நடுவுல சில மாசம் காணாமப் போனது ஞாபகம் இருக்கும். "ஆணி அதிகம், பிறகு வர்றேன்"னு ஒரு வரி மட்டும் போட்டுட்டுப் போனேன். பொய் சொல்லல மக்களே. தொடை எலும்புக்குள்ள நிஜமாவே ஒரு ஆணி இருந்தது. இன்னமும் இருக்கு :-)

2024 ஜூன் 19, புதன்கிழமை, மத்தியானம் மூணு மணி இருக்கும். கீல்ல இருந்து எக்கன்ஃபோர்டே போற ரோடு. நம்ம ஊர் லைசென்ஸ் இங்க குடிவந்து ஆறு மாசம் வரைக்கும்தான் செல்லும். அதுக்கப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டுற தேர்வு ரெண்டும் எழுதித்தான் ஆகணும். அதையெல்லாம் முடிச்சு, சேர்த்து வச்ச காசைக் கரைச்சு ஒரு பழைய ஹோண்டா 500 வாங்கியிருந்தேன். தப்பு எதுவும் பண்ணல. வேகம் சரி, விளக்கு எரிஞ்சது, ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாம் இருந்தது. பேண்ட் மட்டும் சாதா ஜீன்ஸ்.

எதிர்ல ஒரு கார் இடது பக்கம் திரும்புறதுக்காக நின்னுட்டிருந்தது. இங்க எல்லாரும் வலது பக்கம் போறவங்க. அதனால இடது திரும்பணும்னா எதிர்ல வர்றவன் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் போகணும். இண்டிகேட்டர் மினுக்குறது தெரிஞ்சது. ஓட்டுறவங்க முகமும் தெரிஞ்சது, வயசான ஒரு அம்மா. என்னையே பாத்த மாதிரி இருந்தது. பாத்துட்டாங்க, நிக்கிறாங்கன்னு நினைச்சேன். திரும்பிட்டாங்க.

பின்னாடி படுத்துக்கிட்டே தேடிப் படிச்சதுல தெரிஞ்சது, இது உலகத்துலயே ரொம்பப் பழைய பைக் விபத்து. அமெரிக்காவுல ஹாரி ஹர்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்த 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை ஸ்பாட்டுக்கே போய் ஆராய்ஞ்சு 1981ல அறிக்கை கொடுத்தார். இன்னொரு வண்டியும் சம்பந்தப்பட்ட விபத்துகள்ல மூணுல ரெண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டிக்காரர் பைக்குக்கு வழி விடாததால நடந்ததாம். கண்ணு பாக்குது, மூளை பதிவு பண்றதில்ல. கார் எதிர்பாக்குற மூளைக்கு, ஒல்லியா ஒருத்தன் வர்றது கணக்குலயே வராது போல.

அப்புறம் என்ன ஆச்சுன்னு தொடர்ச்சியா நினைவில்ல. வெட்டின புல்லு வாசனை. யாரோ ஒருத்தர் என் தலையை ரெண்டு கையாலயும் அசையாமப் பிடிச்சுக்கிட்டு ஜெர்மன்ல ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தார். கீழ பாத்தேன். என் வலது ஷூ, எந்தப் பக்கம் பாக்கக் கூடாதோ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருந்தது. வலி உடனே வரல. முதல்ல வந்தது இன்சூரன்ஸ் கார்டு பர்ஸ்ல இருக்கான்னு ஒரு யோசனை. அடுத்தது, அம்மாகிட்ட யார் சொல்றது.

வலது தொடை எலும்பு நடுவுல ரெண்டா உடைஞ்சு, ஒரு துண்டு தனியா. இடது பக்கம் மூணு விலா எலும்பு, அதுல ஒண்ணு நுரையீரலைக் குத்தி உள்ள காத்து புகுந்ததால நெஞ்சுல ஒரு குழாய். தோல் உரிஞ்சதெல்லாம் கணக்குல சேர்க்கல. தொடை எலும்பு உடைஞ்சா வெளிய ஒரு சொட்டு ரத்தம் வராமலே தொடைக்குள்ளயே ஒரு லிட்டருக்கு மேல கசியலாம்னு அப்புறம் டாக்டர் சொன்னார். அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன்.

தலைக்கு ஒண்ணும் ஆகல. ஹெல்மெட்டோட தாடைப் பக்கம் மட்டும் தேங்காய் துருவின மாதிரி உரிஞ்சிருந்தது. இந்த ஹெல்மெட்டுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. லாரன்ஸ் ஆஃப் அரேபியான்னு சினிமா வந்ததே, அந்த நிஜ லாரன்ஸ் 1935 மே மாசம் இங்கிலாந்துல பைக்கிலிருந்து விழுந்து, நினைவே திரும்பாம ஆறாவது நாள் இறந்தார். பாக்க வந்த மூளை அறுவை மருத்துவர்கள்ல ஹியூ கெய்ர்ன்ஸ்னு ஒருத்தர். அந்தச் சாவு அவர் மனசுல தங்கிடுச்சு. அப்புறம் ராணுவத்துல பைக் ஓட்டுறவங்களோட தலைக்காயங்களை ஆராய்ஞ்சு, ஹெல்மெட் உயிரைக் காப்பாத்துதுன்னு 1941ல கட்டுரை எழுதினார். அதுக்கப்புறம்தான் பிரிட்டிஷ் ராணுவத்துல கட்டாயமாச்சு. ஜெர்மனியில சட்டம் வந்தது 1976ல. நம்ம தமிழ்நாட்டுல 2015 ஜூலையில ஹைகோர்ட் உத்தரவு அமலுக்கு வந்தப்ப எங்க தெருவுல அத்தனை பேரும் வாங்கினாங்க. வாங்கி டேங்க் மேல வச்சுக்கிட்டுப் போனாங்க.

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். இடுப்புப் பக்கத்துல சின்னதா கீறி, எலும்போட நடு ஓட்டை வழியா முழங்கால் வரைக்கும் ஒரு நீள டைட்டானியம் ஆணி. மேலயும் கீழயும் குறுக்கே திருகு. படத்துல பாக்க, குடைக்கம்பி மாதிரி இருந்தது. "இந்த வைத்தியம் பிறந்ததே இந்த ஊர்லதான், தெரியுமா?"ன்னு கேட்டார். சும்மா பெருமைக்குச் சொல்றார்னு நினைச்சேன். நிஜம்தான். கெர்ஹார்ட் குன்ட்ஷர்னு கீல் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர், 1939 நவம்பர்ல முதல் தடவையா ஒரு மனுஷனோட தொடை எலும்புக்குள்ள இப்படி ஆணி அடிச்சார். போர் தொடங்கி ரெண்டே மாசம். அடுத்த வருஷம் பெர்லின்ல டாக்டர்கள் மாநாட்டுல சொன்னப்ப நிறைய பேர் ஏத்துக்கல. எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துட்டு எலும்பு எப்படிச் சேரும்னு சண்டை. அதுவரைக்கும் தொடை உடைஞ்சா மாசக்கணக்குல எடை கட்டித் தொங்க விட்டுப் படுக்க வைக்கிறதுதான் வழி. ஜெர்மன்காரங்ககிட்ட போர்க்கைதியா இருந்துட்டு ஊர் திரும்பின அமெரிக்கச் சிப்பாய்களை எக்ஸ்ரே எடுத்தப்பத்தான் தொடைக்குள்ள இரும்புக்கம்பி இருக்கிறதைப் பாத்து அங்க இருந்த டாக்டர்கள் அசந்து போனாங்களாம். எந்த அரசாங்கத்துக்கு, எந்தப் போருக்காக அந்த ஆணி பழகிச்சுன்னு யோசிச்சா கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா அது இல்லைன்னா நான் அந்த வருஷம் தீபாவளி வரைக்கும் கட்டில்ல கல்லு கட்டித் தொங்கியிருப்பேன்.

பக்கத்துக் கட்டில்ல ஒரு தாத்தா. கப்பல் கட்டுற தளத்துல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், சைக்கிள்ல இருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சவர். அந்த மாசம் ஜெர்மனியில யூரோ கால்பந்து. நான் மயக்கத்துல இருந்த அதே சாயங்காலம் ஜெர்மனி ஹங்கேரியை ரெண்டுக்கு பூஜ்யம் ஜெயிச்சிருக்கு. நாலு நாள் கழிச்சு சுவிட்சர்லாந்து மேட்ச். தோக்கப் போறாங்கன்னு தாத்தா ரிமோட்டைத் தூக்கி வச்சுட்டுத் திட்டிக்கிட்டிருந்தார். ரெண்டாவது நிமிஷக் கூடுதல் நேரத்துல ஃபுல்க்ரூக் தலையால முட்டி கோல் போட, தாத்தா போட்ட சத்தத்துல நானும் சிரிச்சு, விலா எலும்பு மூணும் சேர்ந்து என்னைக் கொன்னு எடுத்துடுச்சு. விலா உடைஞ்சவன் சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது, இருமாமலும் இருக்கக் கூடாது (இருமலேன்னா சளி கட்டிக்கும்). பாக்க வந்த என் அறைத்தோழன் ஆசையா வடிவேலு காமெடி போட்டுக் காட்டினான். அழுதுக்கிட்டே நிறுத்தச் சொன்னேன்.

வீட்டுக்கு நான் சொல்லவே இல்லை. போன் உடைஞ்சுடுச்சு, வீடியோ வராதுன்னு அறைத்தோழன் போன்ல இருந்து பேசினேன். போன் உடைஞ்சது உண்மைதானே. எட்டு நாள் ஓட்டினேன். ஒன்பதாவது நாள் பேசிக்கிட்டிருக்கிறப்ப, மருந்து ஏத்துற மெஷின் தீர்ந்து போச்சுன்னு கீ கீன்னு கத்த ஆரம்பிச்சது. அம்மா பேச்சை நிறுத்திட்டாங்க.

"அது என்னப்பா சத்தம்?"

"ஒண்ணும் இல்லம்மா, மைக்ரோவேவ்."

"பாட்டி படுத்திருந்தப்ப கேட்ட சத்தம்டா அது. நீ எங்க இருக்க?"

அதுக்கப்புறம் நடந்ததை எழுதப் போறதில்லை. உங்க அம்மாவை வச்சு நீங்களே நினைச்சுக்கங்க. கடைசியா போனை அப்பா வாங்கினார். ரொம்ப நேரம் பேசல. நான் 'அப்பா'ன்னேன்.

"எந்தக் காலு?"

"வலதுப்பா."

"ம்." கொஞ்சம் கழிச்சு, "எனக்கும் வலதுதான்"னு சொல்லிட்டு அம்மாகிட்டயே போனைக் கொடுத்துட்டார்.

அப்பாவைப் பத்தி சொல்லணும். எங்களுக்கு அரக்கோணம். 2000ல, நான் பிறந்து மூணு மாசத்துல, ராணிப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில சூப்பர்வைசரா இருந்தவர், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு மேக்ஸ் 100ல வர்றப்ப நாய் குறுக்கே வந்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழ உடைஞ்சது. எங்க பக்கத்துல எலும்பு உடைஞ்சா ரயிலேத்தி புத்தூர்தான். திருத்தணி தாண்டிப் போனா ஆந்திராவுல வர்ற புத்தூர். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி வச்சுக் கட்டுவாங்க. கட்டினாங்க. அப்பாவுக்குக் கால் கொஞ்சம் குட்டையா, கோணலா கூடிச்சு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்பா ஒரு பக்கமா சாஞ்சுதான் நடப்பார். ஸ்கூல்ல பசங்க அவர் நடையை நடிச்சுக் காட்டுவானுங்க. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா மட்டும் வரட்டும்னு நான் அழுது அடம் பிடிச்சது ஒரு வருஷம் இல்லை, ரெண்டு மூணு வருஷம். அப்பா ஏன்னு கேட்டதே இல்லை.

அம்மாவுக்கு இருபத்தி நாலு வருஷமா அந்தக் கட்டு மேலதான் கோபம். "அன்னிக்கே மெட்ராஸ் கூட்டிட்டுப் போயிருந்தா உங்கப்பா நேரா நடந்திருப்பார்." இந்த வசனம் எங்க வீட்டுல எல்லா விசேஷத்துக்கும் உண்டு. அப்பா அதுக்கும் வாயைத் திறக்க மாட்டார்.

பதினாலு நாள்ல டிஸ்சார்ஜ். பணம் பத்தி அந்தத் தம்பி கேப்பான், அதனால சொல்லிடறேன். மாசாமாசம் கட்டுற மாணவர் இன்சூரன்ஸ் எல்லாத்தையும் பாத்துக்கிச்சு. என் கையில இருந்து ஒரு நாளைக்கு பத்து யூரோ (வருஷத்துக்கு அதிகபட்சம் 28 நாள்), ஆக 140 யூரோ. தப்பு அந்தம்மா மேலன்னு ஆனதால வக்கீல் செலவையும் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸே கொடுத்தது. அது போக நஷ்டஈட்டுல ஒரு பகுதிக்கு ஜெர்மன்ல பேரே 'வலிப்பணம்'. எவ்வளவு நேரடியான மொழி பாருங்க. நம்ம ஊர்லயும் 2021 டிசம்பர்ல 'இன்னுயிர் காப்போம்'னு திட்டம் வந்து, விபத்துக்கப்புறம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசாங்கமே பாத்துக்குது. 2000ல அப்பாவுக்கு இப்படி எதுவும் கிடையாது. சம்பளத்தோட லீவும் கிடையாது.

விடுதியில எனக்கு மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது உடைஞ்ச கால் முதல்ல. இதை மாத்திச் செஞ்சா என்ன ஆகும்னு ஒரே ஒரு தடவை செஞ்சு பாத்தேன், போதும். ரெண்டு கையிலயும் ஊன்றுகோல் இருந்தா ஒரு டம்ளர் டீயைக் கூட அடுப்படியில இருந்து கட்டிலுக்குக் கொண்டு வர முடியாதுங்கிறது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. டீயை ஃபிளாஸ்க்ல ஊத்தி, முதுகுப்பையில போட்டு, மாட்டிக்கிட்டு, நாலடி தூரத்துல இருக்கிற கட்டிலுக்கு மலையேறப் போறவன் மாதிரி வருவேன். ரத்தம் கட்டாம இருக்க தினமும் வயித்துல நானே ஊசி போட்டுக்கணும். முதல் நாள் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். ஆறு வாரத்துல வயிறு முழுக்க நாவப்பழம் நசுக்கின மாதிரி நீலம்.

இங்க ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்காங்க. கோயில் பொங்கல்ல பாத்த பழக்கம்தான். கேள்விப்பட்டு, எலும்பு சூப்போட மூணு மாடி ஏறி வந்துட்டாங்க.

"தம்பி, நோகுதோ?"

வலிக்குதான்னு கேட்டிருந்தா இல்லைக்கான்னு சொல்லியிருப்பேன். 'நோகுதோ'ன்னதும் என்னமோ கண்ணு கலங்கிடுச்சு. கால் சரியாகலேன்னா, நொண்டிக்கிட்டே இருந்துட்டேன்னான்னு புலம்பினேன். அவங்க பாட்டுக்குக் கிண்ணத்துல சூப்பை ஊத்திக்கிட்டே, "கால் இருக்குத்தானே தம்பி. குடியுங்கோ, பிறகு கதைப்பம்"னாங்க. அவங்க தம்பி கண்ணிவெடியில காலை இழந்து ஊர்ல ஜெய்ப்பூர் கால் போட்டுத்தான் நடக்கிறார்னு வேற ஒருத்தர் மூலமா ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அவங்க அதைச் சொல்லவே இல்லை.

இப்ப தலைப்புக்கு வர்றேன். பிசியோதெரபி அம்மா முதல் நாளே தரையில எடை பாக்குற மெஷினை வச்சாங்க. உடைஞ்ச காலை அதுல வை, இருபது கிலோ வரைக்கும் அழுத்து, அதுக்கு மேல ஒரு கிலோ கூடக் கூடாது. என் எடை 68. இருபது கிலோன்னா எப்படி இருக்கும்னு காலுக்குத் தெரியணும், கண்ணால பாக்காமலே தெரியணும். 25 கிலோ அரிசிச் சிப்பத்துல அஞ்சு கிலோ எடுத்தது. கண்ணை மூடிக்கிட்டு அழுத்துவேன், திறந்தா முள் முப்பதுல நிக்கும். அடுத்த தடவை எட்டு. அதை விடக் கொடுமை, தொடைச் சதையை இறுக்கச் சொல்வாங்க. நானும் முழு பலத்தோட இறுக்குவேன். சதை சும்மா கிடக்கும். என் கால்கிட்ட நான் பேசுறேன், அது வேற யாரோ மாதிரி படுத்திருக்கு. நாலு நாள் கழிச்சு முழங்காலுக்கு மேல ஒரு சின்னத் துடிப்பு வந்தது. அதுக்கு அந்தம்மா கை தட்டினாங்க.

ஆறு வாரம் இந்த இருபது கிலோ. ஜூலை கடைசியில எக்ஸ்ரே எடுத்தா, புது எலும்பு வளர்ந்ததுக்கு அடையாளமே சரியா இல்லை. டாக்டர் முதல்ல கேட்டது, "சிகரெட் பிடிப்பியா?" பிடிப்பேன், நாலஞ்சு. (அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கையில எழுதறேன்.) சிகரெட் எலும்பு கூடுறதைத் தாமதப்படுத்தும், இன்னிக்கே நிறுத்துன்னார். இன்னும் ஆறு வாரம் இருபது கிலோதான்.

எனக்கு அது ஆகாது. நான் படிக்கிறது கடலியல். அக்டோபர்ல பால்டிக் கடலுக்குப் போற ஆராய்ச்சிக் கப்பல்ல எனக்கு ஒரு இடம் கிடைச்சிருந்தது. என் ஆய்வுக்கான தண்ணி மாதிரி எல்லாம் அந்தப் பயணத்துலதான் எடுக்கணும். விட்டா ஒரு வருஷம் போச்சு, விசா நீட்டிப்பு, பேங்க் லோன், எல்லாம் வரிசையா நிக்கும். கப்பலேற டாக்டர் சான்றிதழ் வேணும், ஆகஸ்ட் 20க்குள்ள. அதனால ஒரு திட்டம் போட்டேன். ராத்திரியில ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஊன்றுகோல் இல்லாம நடந்து பழகறது. சான்றிதழ் தர்ற டாக்டர் வேற ஆளு, அவர் முன்னாடி பத்தடி நேரா நடந்து காட்டினாப் போதும். ரெண்டு ராத்திரி நடந்தேன். வலிச்சது, ஆனா நடக்க முடிஞ்சது. மூணாவது நாள் பெருமை தாங்காம வீடியோ கால்ல அப்பாகிட்ட நடந்து காட்டினேன். அம்மா கடைக்குப் போயிருந்தாங்க.

அப்பா ஒண்ணும் சொல்லல. போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போறது தெரிஞ்சது. ஒவ்வொரு படிக்கும் அவர் சாய்றதும் போன் சாய்றதும். மேல போய் உக்காந்துட்டுச் சொன்னார்.

"புத்தூர்ல நாப்பத்தஞ்சு நாள்னுதான் சொன்னாங்க. நான் இருபத்தாறாம் நாள் அவுத்துட்டேன்."

எனக்குப் புரியல.

"லீவு முடிஞ்சு போச்சு. வேலைக்கு வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு சொல்லிட்டான். உங்கம்மாவுக்கு அப்பத்தான் ஆபரேஷன் பண்ணி நீ பொறந்திருக்க, கடன் வேற. கட்டை நானே பிளேடால அறுத்துட்டு, அங்கதான் அவுத்து விட்டாங்கன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன். நடந்து பாத்தேன். வலிச்சது, ஆனா நடக்க முடிஞ்சது."

என் வார்த்தையையே அவர் சொன்னார். நான் அதை வாய் விட்டுச் சொல்லக் கூட இல்லை.

"கட்டினவங்க மேல தப்பே இல்லடா. உங்கம்மா இத்தனை வருஷமா அவங்களைத் திட்டுறா. நான் எங்க போய் சொல்றது?"

அப்புறம் அவர் பேசிக்கிட்டே போனார். அப்பா அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. மழைக்கு முந்தின நாளே கால் சொல்லிடுமாம். பஸ்ல நின்னுக்கிட்டே போனா இடுப்பு பிடிச்சுக்குமாம். ஷூ தேய்றதுல வலதுக்கும் இடதுக்கும் ஆறு மாச வித்தியாசம். "உன் ஸ்கூலுக்கு வர்றப்பல்லாம் தெருமுனையில நின்னு கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கிட்டு, நேரா நடக்கப் பாப்பேன். வராது." சொல்லிட்டு, உடனே, "கக்கூஸ் எப்படி அங்க? நாற்காலி மாதிரிதானே?"ன்னு கேட்டார். ஆமாப்பான்னேன். "அது வரைக்கும் நல்லது"ன்னார்.

எங்க வீட்டுக் கக்கூஸ்ல மேல உத்திரத்துல இருந்து ஒரு கயிறு தொங்கும், முடிச்சுப் போட்ட தேங்காய் நார்க் கயிறு. சின்ன வயசுல அதைப் பிடிச்சு ஊஞ்சலாடி அடி வாங்கியிருக்கேன். எல்லார் வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சிருந்தேன். எதுக்குக் கட்டியிருக்காங்கன்னு அன்னிக்கு மொட்டை மாடியில அவர் பேசினப்பத்தான் உறைச்சது. இருபத்தி நாலு வயசுல.

மறுநாள் ப்ரொஃபசருக்கு மெயில் போட்டேன், கப்பலுக்கு வரலன்னு. அக்டோபர்ல கப்பல் கிளம்பினப்ப துறைமுகத்துல ரெண்டு ஊன்றுகோலோட நின்னு கை காட்டினேன். பெருந்தன்மையா எல்லாம் காட்டல. அன்னிக்கு முழுக்க எரிச்சல்தான், யார்கிட்டயும் பேசல.

காலும் உடனே ஒண்ணும் கூடிடல. அதே மாசம் இன்னொரு சின்ன ஆபரேஷன். ஆணியோட குறுக்கே இருந்த ஒரு திருகை மட்டும் எடுத்தாங்க. திருகு இறுக்கிப் பிடிச்சிருந்தா உடைஞ்ச முனை ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழுத்தாதாம், அந்த அழுத்தம் இருந்தாத்தான் எலும்பு வளருமாம். ஆறு வாரமா அழுத்தாதேன்னாங்க, இப்ப நல்லா அழுத்தி நடன்னாங்க. நேரம் தெரிஞ்சு அழுத்தணும் போல. 2025 ஜனவரி எக்ஸ்ரேயில உடைஞ்ச இடத்தைச் சுத்தி வெள்ளையா, மேகம் மாதிரி. ஊன்றுகோலை பிசியோ அம்மாகிட்டயே விட்டுட்டு வந்தேன். படிப்பு ஒரு வருஷம் தள்ளித்தான் போச்சு. அடுத்த வருஷக் கப்பல்ல போய் தண்ணி எடுத்துட்டு வந்தேன், அது தனிக் கதை.

அந்த கார் ஓட்டின அம்மா, ஆஸ்பத்திரிக்கே ஒரு கடிதம் அனுப்பியிருந்தாங்க. கையெழுத்து எனக்குப் படிக்க வரல, பக்கத்துக் கட்டில் தாத்தாதான் மெதுவா வாசிச்சார். பார்த்தேன், ஆனால் உன்னைக் காணவில்லைங்கிற மாதிரி ஒரு வரி. இனிமே கார் ஓட்டப் போறதில்லைன்னும் எழுதியிருந்தாங்க. அப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. நீ ஓட்டினா என்ன ஓட்டலேன்னா என்ன. இண்டிகேட்டர் டிக் டிக் சத்தம் கனவுல வந்து எழுப்பின காலம் அது. பஸ்ல டிரைவர் பின்னாடி உக்காந்தாக் கூட அந்தச் சத்தத்துக்கு உள்ளங்கை வேர்த்துடும். பல்கலைக்கழகத்துல மாணவர்களுக்கு இலவசமா மனநல ஆலோசனை உண்டு, ஏழெட்டு தடவை போனேன். போறதுக்கு வெக்கப்பட வேண்டியதில்லைன்னு மட்டும் இங்க எழுதி வைக்கிறேன். கடிதத்துக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் பதில் போட்டேன். நடக்கிறேன், கடலுக்குப் போயிட்டு வந்தேன்னு நாலு வரி. அதுக்கு மேல எழுத வரல.

தம்பி, உன் கேள்விக்கு வர்றேன். வாங்காதேன்னு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சாயங்காலம் கடலோரமா ஓட்டின நாள் எல்லாம் இன்னும் நினைப்புல இருக்கு. வாங்கினா, முதல்ல பேண்ட் வாங்கு, அப்புறம் பைக் வாங்கு. முழங்காலுக்கும் இடுப்புக்கும் தட்டு வச்சதா. என் ஜீன்ஸ் கிழிஞ்ச இடத்துல தோல் வர நாலு மாசம் ஆச்சு. எதிர்ல ஒரு கார் திரும்ப நின்னா அவங்க முகத்தைப் பாக்காதே, முன் சக்கரத்தைப் பாரு, அது பொய் சொல்லாது. வேகத்தைக் குறைச்சுக்கோ, நமக்குத்தான் வழின்னாலும். அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்கு முதல் நாளே சொல்லிடு.

அம்மாகிட்ட அப்பா இன்னும் சொல்லல. நானும் சொல்லல. பொங்கலுக்குப் போன் பண்ணினப்ப மறுபடியும் அதே வசனம் வந்தது, மெட்ராஸ் கூட்டிட்டுப் போயிருந்தான்னு. ஸ்பீக்கர்ல அப்பா இருமுறது கேட்டது.

இந்த வருஷம் கோடையில ஊருக்குப் போறேன். எனக்கு இப்ப லேசா ஒரு சாய்வு இருக்கு, களைச்சுப் போனா மட்டும் தெரியும். குந்தி உக்கார இன்னும் வரல. அந்தக் கயிறு இருக்காப்பான்னு கேட்டேன். பழசு இத்துப் போச்சு, போன மாசம்தான் நைலான்ல புதுசு மாத்தினேன், கொஞ்சம் இறக்கிக் கட்டியிருக்கேன், நீ என்னை விட உயரம்தானேன்னார். உயரமா இருந்தா ஏத்தித்தானே கட்டணும்னு கேட்டேன். உனக்குத் தெரியாது, வந்து உக்காந்து பாருன்னார்.

வர்ற 14ம் தேதி எக்ஸ்ரே. எல்லாம் சரியா இருந்தா ஆணியைப் பிடுங்கிடலாமாம். பிடுங்கினா கையில கொடுப்பாங்களான்னு கேட்டு வச்சிருக்கேன். பாத்துட்டு வந்து எழுதறேன்.